மந்திரக் கலைக்கு முதல் புத்தகம்: கிரெய்கா, பார்டனா, குரோலியா?

மேடையில் தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுக்கும் வித்தையை விட்டுவிடுவோம். சடங்கு, தியானம், கபாலா (யூத மறைஞான மரபு), டாரட் (குறி பார்க்கும் படச் சீட்டுகள்) என்று போகும் மேற்கத்திய மந்திரப் பயிற்சியில் இறங்க நினைப்பவர்களில் பலர் முதலில் தேடுவது ஆங்கிலேய மந்திரவாதி அலெய்ஸ்டர் குரோலியின் 'மேஜிக் இன் தியரி அண்ட் பிராக்டிஸ்'. பேர் பெற்ற புத்தகம்தான். ஆனால் அதை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வாங்கினால் போதும் என்பேன். கபாலாவும் கிரேக்க, எகிப்திய புராணங்களும் வாசகருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே குரோலி எழுதுகிறார். போதாக்குறைக்கு நக்கல் வேறு. பலி பற்றிய அத்தியாயத்தில் குழந்தைப் பலியைப் பரிந்துரைப்பது போல ஓர் இடம் வரும். அது பாலியல் சடங்கைப் பற்றிய மறைமுகக் கேலி என்பது விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். புதியவர் மிரண்டுபோவார், அல்லது தப்பாகப் புரிந்துகொள்வார்.

உண்மையான போட்டி டொனால்ட் மைக்கேல் கிரெய்கின் 'மாடர்ன் மேஜிக்'குக்கும் ஃபிரான்ஸ் பார்டனின் 'இனிஷியேஷன் இன்டு ஹெர்மெட்டிக்ஸ்'க்கும் இடையில்தான்.

1988-ல் வந்த கிரெய்கின் புத்தகம் பாடம் பாடமாகப் போகிறது. முதல் பாடத்திலேயே தளர்வுப் பயிற்சி, ஐம்முனை நட்சத்திரத்தை வரைந்து வேண்டாத சக்திகளை விலக்கும் சடங்கு, டாரட் சீட்டு, நாட்குறிப்பு எல்லாம் வந்துவிடும். நாளைக் காலையில் என்ன செய்வது என்ற கேள்வியே எழாது. பாட முடிவில் கேள்விகளும் உண்டு. குறை என்ன? பேச்சு நடையில் சுவாரசியமாக எழுதியிருப்பதால், பயிற்சியைத் தள்ளிப்போட்டுவிட்டு கதை மாதிரி படித்துக்கொண்டே போகலாம். பேயாவி அழைப்புப் பாடம் வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, முதல் சடங்கைக்கூடச் செய்யாதவர்கள் ஏராளம்.

பார்டனிடம் அந்தச் சலுகை கிடையாது. ஜெர்மன் மூலம் 1956-ல் வந்தது. மொத்தம் பத்துப் படிகள், ஒவ்வொன்றிலும் மனம், ஆன்மா, உடல் என மூன்று பிரிவுகள். முதல் படியில் கண்ணை மூடி எண்ணங்களைச் சும்மா கவனிக்க வேண்டும். அப்புறம் ஒரே எண்ணத்தைப் பிடித்து நிறுத்தணும், அதன் பிறகு மனத்தைக் காலியாக வைக்கணும். கூடவே சொந்தக் குண தோஷங்களைப் பட்டியல் போட்டு நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு பூதங்களுக்குக் கீழே பிரித்து எழுதும் வேலையும் இருக்கிறது. அந்தப் பட்டியலை நேர்மையாக எழுதுவது எந்தச் சடங்கையும்விடக் கஷ்டம். ஒரு படி முடியாமல் அடுத்ததுக்குப் போகாதே என்பதில் மனுஷர் கறார். மொழிபெயர்ப்பு நடை வறட்சிதான். ஆனால் தனியாகப் பழகுபவருக்கு இதுவே சரி என்பது என் முடிவு. சடங்கின் அழகு பிடித்தவர் மட்டும் கிரெய்கிடம் போகலாம்.

இஸ்ரேல் ரெகார்டி 1937 முதல் 1940 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட 'தி கோல்டன் டான்' வேறு ரகம். 1888-ல் லண்டனில் அதே பெயரில் தொடங்கிய ஒரு மந்திரச் சங்கத்தின் ரகசியத் தாள்கள் அவை. தீட்சைச் சடங்குகளை நடத்த ஒரு குழுவே வேண்டும். தனியாள் அதைத் தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பொறுமை குறைந்தவருக்கு பீட்டர் கரோலின் 'லிபர் நல்' (1978) உண்டு. மெலிந்த புத்தகம், ஆனால் அசையாமல் உட்காருவதில்தான் அதுவும் தொடங்குகிறது.

பழைய சுவடி வகையறாவில் எந்தப் பதிப்பு என்பதே முக்கியம். அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான மாதர்ஸ் 1897-ல் மொழிபெயர்த்த ஆப்ரமெலின் நூல் (தன் காவல் தேவதையை அடைவதற்கான நீண்ட விரத முறை) குறைபாடுள்ள ஒரு பிரெஞ்சுப் பிரதியை நம்பியது. அதில் ஆறு மாதம் என்றிருக்கும் பயிற்சி ஜெர்மன் பிரதிகளில் பதினெட்டு மாதம். ஜெர்மன் வழிப் பதிப்பு 2006-லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. இன்னமும் மாதர்ஸையே பலர் எடுப்பதற்குக் காரணம், அது இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு வருஷமும் மிச்சம்.