பெர்சென்டைல் பார்த்துப் பிள்ளை வளர்த்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் பிள்ளைகளின் வளர்ச்சிக்குத் தீர்ப்புச் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கன்னம் உப்பியிருந்தால் நல்ல பிள்ளை, எலும்பு தெரிந்தால் அம்மா சரியாகச் சோறு ஊட்டவில்லை. கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துத் தரும் பதிவுப் புத்தகம் 6 வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறமும் இரண்டு பிள்ளைகளுக்கும் உயரம், எடை, உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பிஎம்ஐ மூன்றையும் நானே குறித்து வருகிறேன்.

பெர்சென்டைல் என்பது மதிப்பெண் அல்ல. உயரத்தில் என் மகள் 15 என்றால், அதே வயது பெண்பிள்ளைகள் 100 பேரில் ஏறக்குறைய 15 பேர் அவளைவிடக் குட்டை, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே வரைபடத்தில் அந்த 15ஆம் கோட்டை ஒட்டித்தான் வளர்கிறாள். நானும் வீட்டுக்காரரும் உயரமா என்ன? 7 வயதில் அவள் 115 செ.மீ., 20 கிலோ. எடையை மட்டும் பார்த்த மாமியார், "என்னம்மா, பிள்ளை இப்படி இளைச்சுக் கிடக்கு" என்றார். எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ 15.1. அந்த வயதுக்கு நடுக்கோடே (50ஆம் பெர்சென்டைல்) 15.4தான். உயரத்துக்கேற்ற எடை, கவலைப்பட ஒன்றுமில்லை.

மகன் கதை வேறு. நடுக்கோட்டில் போய்க்கொண்டிருந்த அவனுடைய பிஎம்ஐ, 8 வயதில் 125 செ.மீ., 27 கிலோ என்றானபோது 17.3க்கு வந்து 85ஆம் கோட்டைத் தொடப் பார்த்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் "இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கான்" என்றார்கள். பெரியவர்களுக்கு 17 என்றால் ஒல்லி. பிள்ளைகளுக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் சொல்ல முடியும். கோடு தாண்டி ஏறுவது கண்ணுக்குத் தெரியுமுன் வரைபடத்தில் தெரிந்துவிட்டது. டாக்டரிடம் காட்டினேன். தினமும் குடித்த மைலோ ஐஸை நிறுத்தி, சாயங்காலம் திடலுக்கு அனுப்பச் சொன்னார். எடையைக் குறைக்க வேண்டாம், உயரம் எட்டிப் பிடிக்கட்டும் என்றார். பிஎம்ஐ மெல்ல இறங்கியது. பசார் மாலாம் (இரவுச் சந்தை) நாள்களில் மட்டும் சட்டம் செல்லாது!

எரிச்சலும் உண்டு. ஒரே அளவுக்கு இரண்டு செயலிகள் இரண்டு பெர்சென்டைல் சொல்லும். ஒன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணை, இன்னொன்று அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு அட்டவணை. எதில் தொடங்கினீர்களோ அதிலேயே போங்கள். நான் முதலாவதில் இருக்கிறேன். 2006இல் வந்த அதன் 5 வயது வரையிலான பகுதிக்கு இந்தியா, பிரேசில், கானா, ஓமான், நோர்வே, அமெரிக்கா என ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளை கணக்கு என்று அதைத் தள்ள முடியாது. 5 வயதுக்கு மேலான 2007 அட்டவணை பழைய அமெரிக்கத் தரவை வைத்துச் செய்தது, அங்கே அந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடமுண்டு. வயதுக்கேற்ற எடை அட்டவணை 10 வயதோடு நின்றுவிடும். பருவமடையும் காலத்தில் உயரத்தால் கூடிய எடையா, கொழுப்பா என்று எடை மட்டும் சொல்லாது என்பதால் அப்புறம் பிஎம்ஐதான். நாலாம் ஆண்டிலிருந்து பள்ளியிலும் செகாக் என்ற உடல்தகுதிச் சோதனையில் அதைப் பார்க்கிறார்கள்.

2 வயதில் படுக்க வைத்து அளப்பதிலிருந்து நிறுத்தி அளப்பதற்கு மாறும்போது 0.7 செ.மீ. குறைந்தது போல் தெரியும்; பதற வேண்டாம். காலையில் இருக்கும் உயரம் சாயங்காலம் கொஞ்சம் குறையும், ஆகவே ஒரே நேரத்தில் அளங்கள். கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். தோட்டத்துப் பலகை வீட்டில் தராசு ஆடும், சிமெண்டுத் தரையில் வையுங்கள். மாதாமாதம் எடை பார்ப்பது அனாவசியம். பள்ளிப் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

செயலிக்குக் காசு கட்டத் தேவையில்லை, அட்டவணைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. செலவு செய்வதென்றால் நல்ல தராசுக்குச் செய்யுங்கள்.