கடற்காற்றில் ஸ்மார்ட் திறப்பு: ஆறு வருடப் பாவனையில் தெரிந்தவை

கொழும்பு வெள்ளவத்தையின் கடலோர மரைன் டிரைவ் ஓரம் இரவில் வெளியே நிற்கும் ஜப்பான் ஹைபிரிட் கார் இது. சட்டைப்பையில் இருந்தபடியே கதவைத் திறக்கவைக்கும் றிமோட் சாவிதான் இதன் ஸ்மார்ட் திறப்பு. ஆறு வருடத்தில் இலத்திரனியல் பகுதி பெரிதாகத் தொல்லை தரவில்லை. கதவுக்குள் இருக்கும் பூட்டு மோட்டரும் திறப்புத் துவாரத்தின் பித்தளைத் தகடுகளும்தான் காலை வாரின.

முதலில் போனது பின் இடது கதவின் பூட்டு மோட்டர். மற்றக் கதவுகள் "டக்" என்று பூட்டும்போது அது மட்டும் மெல்ல முனகும். சில நாள் பூட்டும், சில நாள் பூட்டாது. ஆனால் சிக்னல் விளக்கு மின்னும், பக்கக் கண்ணாடியும் மடியும். பார்ப்பவர் பூட்டிவிட்டது என்றே நினைப்பார். பூட்டு உடையாமலே சாமான் போவதற்கு இது ஒன்றே போதும். றிமோட் அலைவரிசையை யாராவது குழப்பினாலும் முடிவு இதேதான், அப்போது விளக்கும் மின்னாது. எப்படியானாலும் நான்கு கைப்பிடியையும் கையால் இழுத்துப் பார்ப்பதுதான் வழி. திறப்பு சட்டைப்பையில் இருந்தால் முன்கதவைத் தொட்டதும் திறந்துகொள்ளும். ஆகவே திறப்பை இன்னொருவரிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. பல ஜப்பான் கார்களில் உள்ளே இருப்பது எஃப்சி-280 வகைச் சிறு மோட்டர்; அதற்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்தால் மோட்டரை மட்டும் மாற்றலாம். தண்டின் நீளமும் பல்சக்கரமும் பழையதோடு பொருந்த வேண்டும் என்பதால் பழையதைக் கையில் கொண்டுபோய் வாங்குவது நல்லது. கதவின் உள் அட்டையைக் கழற்றும்போது பிளாஸ்டிக் கிளிப் இரண்டு மூன்றாவது உடையும், கூடுதலாக வைத்திருங்கள். உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டால் அடுத்த மழைக்குக் கால்மிதி நனையும்.

இரண்டாவது தொல்லை சாரதிக் கதவின் திறப்புத் துவாரம். றிமோட் வந்தபின் அதை யார் தொடுகிறார்கள்? காரின் 12 வோல்ட் பற்றரி செத்த அன்று, றிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புத் திறப்பைச் செருகினால் அது திரும்பாது. உப்புக்காற்றில் தகடுகள் இறுகியிருக்கும். பலங்கொண்டு திருப்பினால் திறப்பு முறியும். மாதம் ஒருமுறை இரும்புத் திறப்பாலேயே பூட்டித் திறங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை கிராஃபைட் தூள் கொஞ்சம் ஊதினால் போதும். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பசையாகிவிடும்.

றிமோட் பற்றரி 3 வோல்ட். மீற்றரில் 2.8க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். திடீரென்று செத்தால், பிரேக்கை மிதித்து, திறப்பின் முகத்தை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் வண்டி எழும்பும்.

ஸ்மார்ட் திறப்பின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில். கார் அனுப்பும் அலை ஒரு மீற்றர் அளவில்தான் திறப்பை எட்டும். அலையைக் கடத்தும் கருவிகளோடு கள்ளர் ஒருவர் வீட்டு வாசலிலும் மற்றவர் கார் அருகேயும் நின்றால் அந்தத் தூரம் நீண்டுவிடும், உள்ளே இருக்கும் திறப்பு பக்கத்தில் இருப்பதாகக் கார் நினைத்துத் திறந்துகொள்ளும். ஒழுங்கைப் பக்கம் வாசலோடு ஆணியில் திறப்பைத் தொங்கவிடும் வீடுகள் கவனிக்க. பல டொயோட்டா திறப்புகளில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இருமுறை அழுத்தினால், திறப்பிலுள்ள சிறு விளக்கு நான்கு முறை மின்னி, திறப்பு உறங்கும். ஏதாவது பொத்தானை அழுத்தும்வரை காருக்குப் பதில் சொல்லாது. இதற்குக் காசு செலவில்லை. திறப்பைப் போட்டுவைக்கும் அலைதடுப்புப் பையும் வேலை செய்கிறது, ஆனால் மடியும் இடத்தில் உள்துணி வெடித்ததும் பயனில்லை. பையோடு கதவருகே போய்க் கைப்பிடியைத் தொடுங்கள். திறந்தால் அந்தப் பையைத் தூக்கிப் போடலாம்.

பக்கக் கண்ணாடியை உடைப்பவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல. இருக்கையில் ஒன்றும் வைக்காமல் போவதைத் தவிர அதற்கு மருந்தில்லை.

கைமாறிய கார் வாங்குபவர்கள் பெரும்பாலும் மறக்கும் வேலை ஒன்று: கார்க் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு அதில் எத்தனை திறப்பு பதிந்திருக்கிறது என்று பாருங்கள். கையில் ஒன்று, கணினியில் இரண்டு என்றால், கையிலிருப்பதை விட்டு மற்றதை அழிக்கச் சொல்லுங்கள். அதே நாளில் மாற்றுத் திறப்பு ஒன்றும் பதிந்துகொள்ளுங்கள். எல்லாம் தொலைந்த பிறகு பதிவதற்கு வேலையும் செலவும் பல மடங்கு.