கேரவனுக்குப் பின்னால் ஜிப்சி: கட்டி இழுப்பதா, ஏற்றிப் போவதா?

டெம்போ டிராவலரில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றி முடித்த பிறகுதான் அதன் குறை உறைத்தது. கும்பகோணத்துச் சந்துகளில் நுழையாது. குடமுருட்டிக் கரையில் எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. வேதாரண்யத்தில் அதை நிறுத்திவிட்டு உப்பளம், கோடியக்கரை என்று சுற்ற ஒரு சின்ன வண்டி கூடவே வந்தால் தேவலை. வீட்டில் பழைய மாருதி ஜிப்சி கிங் ஜீப் சும்மா நிற்கிறது. அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் சின்ன ஜீப்பை, நான்கு சக்கரமும் தரையில் உருள, பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நாமும் செய்தால் என்ன என்று நானும் மச்சானும் இறங்கினோம்.

இந்த வேலைக்கு ஜிப்சி வாகான வண்டி. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் ஹப்பைக் கையால் திருகி ‘ஃப்ரீ’யில் வைத்துவிட்டால் முன் ஆக்சிலுக்குள் எதுவும் சுற்றாது. எஞ்சின் சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவரை நியூட்ரலில் போட்டால், அங்கிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டும் அது பிடித்திருக்கும் கியரும் மட்டும் சுற்றும், கியர் பாக்ஸ் சும்மா இருக்கும். ஆனால் தேய்ந்த லீவரை நம்ப எனக்குப் பயம். குழியில் விழுந்து எழும்போது அது நழுவி லோ கியரில் விழுந்தால் எஞ்சினும் கியர் பாக்ஸும் என்ன ஆகும்? அதனால் அந்தப் பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டையே கழற்றிவிடுவது என் கட்சி. பின் ஆக்சில் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் பக்கம் நான்கு போல்ட். கழற்றுமுன், போல்ட் மாட்டும் தட்டுகளான ஃப்ளாஞ்சுகள் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துக்கொண்டால் திரும்ப அதே நிலையில் மாட்டலாம். ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால், இழுத்த தூரம் மீட்டரிலும் ஏறாது. ஒவ்வொரு ஊரிலும் ஐப்பசிச் சேற்றில் வண்டிக்கடியில் மல்லாந்து படுக்க வேண்டும் என்பதுதான் இடைஞ்சல்.

மற்றதெல்லாம் பட்டறை வேலை. இரண்டு வண்டியையும் இணைக்கும் இழுவைக் கம்பியான டோ பாரை மாட்டும் தகடுகளை பம்பரில் வைக்கக் கூடாது, சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் போல்ட் போட வேண்டும். பின் விளக்குகளுக்குக் கேரவனிலிருந்து ஒயர் இழுத்தால் நடுவே டையோடு வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் ஜிப்சியின் ஒயரிங்குக்குள் திரும்பி ஓடும். சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை விடுவித்தே ஆக வேண்டும். எங்கள் தென்னந்தோப்பில் முதல் ஓட்டத்தில் இதை மறந்தோம். வளைவில் முன் டயர்கள் திரும்பாமல் மண்ணை உழுதுகொண்டே வந்தன. “அப்படியே நாற்று விட்டுடலாம்” என்றார் மச்சான்.

பிரேக்தான் உண்மையான தலைவலி. எஞ்சின் ஓடாதபோது, பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது, பெடல் கல்லாகிவிடும். பிரேக் இல்லாத ஒரு டன், பாலத்து இறக்கத்தில் கேரவனை முதுகில் கைவைத்துத் தள்ளும். அமெரிக்காவில் பின் வண்டியின் பெடலைத் தானாக மிதிக்கும் கருவி விற்கிறார்கள். நாங்கள் அதுவரை போகவில்லை.

முன் சக்கரங்களை மட்டும் தூக்கி வைக்கும் டாலி பாதிக் கிணறு. ஜிப்சி சாதாரணமாகப் பின் சக்கர இழுவையில் ஓடும் வண்டி என்பதால் ஷாஃப்ட் கவலை அப்படியே இருக்கும்.

முழு ட்ரைலரில் ஏற்றினால் ஜிப்சியில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம். ஆனால் இரும்பு ட்ரைலரே அரை டன்னைத் தாண்டும். இரண்டும் சேர்ந்தால் டிராவலரின் கிளட்ச் பாவம். ட்ரைலருக்குத் தனிப் பதிவும் வேண்டும். அதற்கு ஒரு பெரிய சாதகம் ரிவர்ஸ். டோ பாரில் கட்டிய வண்டியைப் பின்னால் தள்ளினால் முன் சக்கரங்கள் எங்காவது மடங்கிக்கொள்ளும், எதிரே வண்டி வந்தால் கழற்றுவதைத் தவிர வழியில்லை. ட்ரைலரை மடக்கி எடுக்கலாம். டிப்பரை ரிவர்ஸிலேயே களத்துக்குள் விடும் டிராக்டர்காரர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். நெல் காயப்போட்டுப் பாதிச் சாலையை அடைத்திருக்கும் தை மாதத்தில் இந்த வித்தை ரொம்ப உதவும்.

சரி, சட்டம்? இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். 1989-இன் சாலை விதிமுறைகள் பழுதான வண்டி, முழுதாகக் கட்டி முடிக்காத வண்டி, பதிவு செய்த ட்ரைலர், சைடு கார் ஆகியவற்றைத்தான் இழுக்க விட்டன. ட்ரைலர் அல்லாத வண்டியை இழுத்தால் வேகம் 24 கிலோமீட்டருக்குள், இடைவெளி 5 மீட்டருக்குள். இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் சக்கரங்கள் தரையிலிருந்து தூக்கியிருக்க வேண்டும். 2017-இல் புது விதிமுறைகள் வந்தபோதும், நன்றாக ஓடும் காரை ஊர் சுற்றக் கட்டி இழுக்க வழி திறக்கவில்லை. கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் மச்சான் ஓடாத வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு அவர் ஜிப்சியை ஓட்டிக்கொண்டே வந்துவிடலாம்.

அப்படித்தான் வருகிறார். டெல்டாவுக்குள் இதை மிஞ்சிய ஏற்பாடு இல்லை. ராஜஸ்தான் வரை போவதாக இருந்தால் ட்ரைலர் வாங்குவேன். டோ பாரை விற்கவில்லை, கேரவனில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. போன மழையில் இரண்டு முறை வெளியே எடுத்தோம். இரண்டு முறையும் வாய்க்கால் ஓரத்தில் புதைந்த கேரவனை ஜிப்சிதான் இழுத்துக் கரையேற்றியது.