எஸ்டீமில் ரெட்டை வெபர்: மூன்று வருஷத்துக்கு அப்புறம்

என் பழைய மாருதி எஸ்டீம் காரில் ரெண்டு வெபர் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) மாட்டி ஓட்டுகிறேன். திருப்பூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தான். "அண்ணா, என்னோட எஸ்டீமுக்கு ரெண்டு 45 வெபர் போட்டா உங்களோடதை விட நல்லாப் போகுமுங்களா?" அன்று காலையில்தான் பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் மாற்றி முடித்திருந்தேன். கையில் நாற்றம்கூடப் போகவில்லை. அந்தக் கடுப்பில் அவனிடம் சரியாகப் பேசவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

45 வேண்டாம். அந்த எண் த்ராட்டில் துளையின் அகலம், மில்லிமீட்டரில்; அதை விட, உள்ளே இருக்கும் குறுகிய தொண்டையான வென்சுரி எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் கணக்கு. 1298 சிசி இன்ஜினில் சிலிண்டருக்கு ஒரு தொண்டை என்று வைத்தால், என் கேம்ஷாஃப்டுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 30 மி.மீ. போதும், அது என்னிடம் இருக்கும் 40 டிசிஓஇ வெபருக்குள் நன்றாகவே உட்காரும். 45-இல் பெரும்பாலும் 34, 36 என்றுதான் போடுவார்கள். அவ்வளவு பெரிய தொண்டையில் இந்தச் சின்ன இன்ஜின் இழுக்கும் காற்றுக்கு வேகம் இருக்காது. காற்றுக்கு வேகம் இல்லையென்றால் ஜெட் என்னும் சின்னத் துளையிலிருந்து பெட்ரோல் எழாது. மேலே 7000-இல் கொஞ்சம் கிடைக்கலாம், ஆனால் கீழே வண்டி செத்துவிடும்.

ஜெட்டுக்கு நான் பழைய கணக்கையே பிடித்தேன். வென்சுரியை நாலால் பெருக்கினால் மெயின் ஜெட், அதோடு 50 கூட்டினால் காற்றை விடும் துளையான ஏர் கரெக்டர். எனக்கு 120, 170; இரண்டும் கலக்கும் எமல்ஷன் ட்யூப் எஃப்11. 2022-இல் மாட்டியபோது முழு த்ராட்டிலில் லாம்டா மீட்டர் 0.88 காட்டியது (1-க்குக் கீழே போகப் போகக் கலவையில் பெட்ரோல் கூடுதல், அதாவது கொழுப்பு). அன்று செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் இரண்டாவது கியரில் காலை வைத்ததும் வந்த அந்த இழுப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது. மிதிக்கும் முன்பே வண்டி போய்விட்டது போல இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளும் ஓட்டியிருக்கிறேன். இந்தச் சத்தமும் இந்த உடனடி இழுப்பும் அவற்றில் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, இப்போது வயிற்றெரிச்சல். போன மாதம் ஊட்டிக்கு ஏறும்போது பர்லியார் தாண்டி வண்டி 'டப் டப்' என்று கார்புரேட்டர் வழியே இருமியது. முழுதாக மிதித்தால் ஓடுகிறது, லேசாக மிதித்தால் ஒரு சிலிண்டர் இல்லை. ஓரம் கட்டி, எக்ஸாஸ்ட் குழாய் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மூன்று குழாய்களில் 'சுர்ர்' என்று போனது, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் மெதுவாக வழிந்தது. வெபரில் ஒரு வசதி: மேல் மூடியின் காது நட்டைக் கையால் திருகி, ஒரு ஸ்க்ரூ டிரைவரில், லேசாக மிதிக்கும்போது பெட்ரோல் தரும் ஐடில் ஜெட்டை வெளியே எடுத்துவிடலாம். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் துளை தெரியவில்லை. 0.45 மி.மீ. துளை. ஊதித் தள்ளியதும் கட்டை விரல் நகத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புத் துணுக்கு விழுந்தது. ரப்பர்.

ஹோஸ் உள்பக்கம் ஊறி உரிந்துகொண்டிருந்தது. 2025-க்குள் எங்கள் பக்கத்து பெட்ரோல் பங்குகள் எல்லாமே இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) ஆகிவிட்டன. பழைய ரப்பரை எத்தனால் ஊற வைத்து உப்ப வைக்கும். "எல்லாப் பெட்ரோலுக்கும் தாங்கும் சார்" என்று கடைக்காரர் சொல்லித்தான் அந்த ஹோஸை வாங்கினேன். இப்போது போட்டிருப்பது ஜே30 ஆர்9 என்று அச்சடித்தது. தம்பி, அந்த எழுத்தைப் பார்த்து வாங்கு. பம்ப்பும் அப்படித்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் மூன்று பார் தள்ளும். வெபரின் ஊசி வால்வுக்கு 3 பி.எஸ்.ஐ. போதும், அதாவது 0.2 பார். முதலில் ஒரு மெக்கானிக் அந்தப் பம்ப்பையே மலிவான ரெகுலேட்டரோடு மாட்டிவிட்டு, பெட்ரோல் வழிந்ததும் வெபரைக் குறை சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

இ20-இல் எத்தனால் கூடியதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிட்டது. கோவையில் இப்போது 0.92. முழு த்ராட்டிலில் அது எனக்குப் பயம். ஆனால் ஊட்டியில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 2240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, கார்புரேட்டருக்கு அது தெரியாது; முன்பெல்லாம் அங்கே 0.80-க்கு இறங்கி, பிளக் கறுத்து, வண்டி சோம்பிப் போகும். இந்த முறை 0.84. மலை கொழுக்க வைத்ததில் பாதியை எத்தனால் இளைக்க வைத்துவிட்டது. தொட்டபெட்டா சாலையில் இவ்வளவு சுத்தமாக இது ஓடி நான் பார்த்ததே இல்லை. இறங்கி வரவே மனசில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், தம்பி, நீ வெபர் போடாதே. 45-ம் வேண்டாம், 40-ம் வேண்டாம். தினமும் ஆபீசுக்கு எடுக்கிற வண்டி உன்னுடையது. நாலு த்ராட்டில் பாடியும், பெட்ரோல் அளவைக் கணக்கிடும் ஒரு நல்ல இசியு கம்ப்யூட்டரும் போட்டு இன்ஜெக்ஷனுக்கு மாற்று. பெட்ரோல் மாறினால் லேப்டாப்பில் திருத்திக்கொள்ளலாம்.

எனக்கு நாலு 125 மெயின் ஜெட் வந்துவிட்டது. கணக்குப்படி கொஞ்சம் கொழுப்பாக வரும், அதனால் ஏர் கரெக்டர் 180-ம் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுகிறேன், பார்க்க வேண்டுமென்றால் வா.