தலூலாவா, கிளவுட்லேண்டா? ஜார்ஜியாவின் இரண்டு பள்ளத்தாக்குகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே நாளில் பள்ளத்தாக்கு பார்த்துத் திரும்ப வேண்டுமென்றால் பேச்சு கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்: வடகிழக்கில் தலூலா கார்ஜ், வடமேற்கு மூலையில் கிளவுட்லேண்ட் கேன்யன். அட்லாண்டாவிலிருந்து இரண்டுக்கும் சுமார் இரண்டு மணி நேரம். ஆழம் இரண்டிலும் ஆயிரம் அடியை ஒட்டித்தான். இரண்டுமே மாநிலப் பூங்கா, ஒரே வருடாந்திர பார்க்கிங் பாஸ் போதும். நாங்கள் தேர்ந்தது கிளவுட்லேண்டை. அழகில் எது மேல் என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. போன அன்றைக்கு அடிவாரம் வரை இறங்க முடியுமா என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

தலூலாவில் அடிவாரத்துக்கு இறங்க நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு. நேரில் முதலில் வருபவருக்கே கிடைக்கும். வார இறுதிகளில் காலையிலேயே தீர்ந்துவிடும். சீக்கிரம் போய் நின்றாலும் உறுதியில்லை. மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் அன்றைக்குச் சீட்டே கிடையாது. அணையைத் திறக்கும் நாளிலும் அப்படித்தான். இதில் அதிகாரிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிக்கட்டு 96 அடி ஹரிக்கேன் அருவியருகே முடிகிறது. அதற்குமேல் பாலமோ பாதையோ இல்லை, பாறை பாறையாகத் தாவித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். அந்தக் குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறையை ஆறு தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருக்கிறது, நனைந்தால் கால் நிற்காது. வழக்கமாக வினாடிக்கு 35, 40 கன அடி ஓடும் ஆறு, அருவிகளைப் பார்ப்பதற்காக அணையைத் திறக்கும்போது 200 ஆகும். ஏப்ரல், நவம்பரில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டுபவர்களுக்காகத் திறக்கும் வார இறுதிகளில் 500, 700 வரை போகும். தாவ வேண்டிய பாறைகள் அப்போது தண்ணீருக்கடியில்.

சீட்டு இல்லாவிட்டால் விளிம்புப் பாதைகள், ஆற்றுக்கு 80 அடி மேலே தொங்கு பாலம், அருவி மேடை, இவ்வளவுதான். போகவர ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நாயை அழைத்துப் போனால் விளிம்போடு சரி.

கிளவுட்லேண்டில் சீட்டு, வரிசை எதுவும் இல்லை. லுக்அவுட் மலையின் மேற்கு ஓரத்தில், மேலே கெட்டியான மணற்பாறை, கீழே ஷேல் என்ற களிமண் பாறையும் சுண்ணாம்புப் பாறையும். ஏறத்தாழ 600 படிகள் இறங்கினால் செரோக்கி அருவி 60 அடி, ஹெம்லாக் அருவி 90 அடி. கால் புதிதாக இருக்கும்போதே ஆழத்திலிருக்கும் ஹெம்லாக்கை முடித்துவிட்டு, ஏறி வரும் வழியில் செரோக்கியைப் பார்ப்பது நல்லது. படிகளில் பெரும்பகுதி இரும்புக் கம்பிவலைத் தளம்: ஷூவுக்குப் பிடிப்பு உண்டு, நாயின் பாதத்துக்குக் குத்தும். சங்கிலியோடு நாயை விடுவார்கள் என்றாலும், மேற்கு விளிம்பில் சுற்றிவரும் வெஸ்ட் ரிம் லூப்பின் சுமார் 5 மைல் மண் பாதைதான் அதற்கு ஏற்றது. மலைமேல் தொடங்கினால் கடைசியில் களைத்த காலோடு படி ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்கள் ஐ-59 நெடுஞ்சாலை வழியாக ட்ரென்டன் ஊருக்கு வந்து, கீழ்முனையிலிருந்து சிட்டன்ஸ் கல்ச் பாதையில் ஓடையோரமாக நடக்கலாம். படிக்கட்டு வரை போய்த் திரும்பினாலே நிறைவான நடை. அங்கே வழிகாட்டியோடு போகும் குகைகளும் உண்டு. குகை அனுபவம் எங்களுக்குக் குறைவு, அதைத் தராசில் வைக்கவில்லை.

கிளவுட்லேண்டின் குறை தண்ணீர். இரண்டு அருவிக்கும் டேனியல் கிரீக் என்ற சின்ன ஓடைதான் ஆதாரம். கோடைக் கடைசியில் மழை பொய்த்தால் ஹெம்லாக் நூலாகிவிடும். டிசம்பரிலிருந்து மே வரை, நல்ல மழைக்கு ஓரிரு நாள் கழித்துப் போனால் ஏமாற்றம் இருக்காது. வறண்ட மாதத்தில்தான் போக முடியுமென்றால் தலூலாவே சரி. அணைக்கட்டு ஆறு என்பதால் அடிப்படை ஓட்டம் எப்போதும் இருக்கும். அடிவார ஆசையை விட்டுவிட்டு, பூங்கா வெளியிடும் அட்டவணையில் காட்சிக்காகத் திறக்கும் நாளாகப் பார்த்து வடக்கு விளிம்பில் போய் நில்லுங்கள்.