ஃபைவ் ரிதம்ஸ் நடன வகுப்பு: பாதம் இளகினால்தான் மனம் இளகும்

சுவரில் கண்ணாடி கிடையாது. கற்க அடவு கிடையாது. தளத்தில் நிற்கும்வரை பேச்சும் கிடையாது. ஃபைவ் ரிதம்ஸ் வகுப்புக்குள் முதன்முறை நுழைகிறவருக்கு, இங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று தோன்றும். சொல்லித் தருவது ஒரு வரிசையை. அமெரிக்க நடன ஆசிரியர் கேப்ரியல் ராத் (1941–2012) வகுத்த வரிசை அது: ஃப்ளோயிங் (தடையில்லாத ஓட்டம்), ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி அசைவது), கேயாஸ் (கட்டவிழ்ந்த குழப்பம்), லிரிக்கல் (இலேசான துள்ளல்), ஸ்டில்னெஸ் (அசைவு அடங்கும் அமைதி). ஐந்தையும் ஒருமுறை கடந்து வந்தால் அது ஓர் ‘அலை’. மனம் திறக்க வேண்டும், கூச்சம் போக வேண்டும் என்று வருகிறவர்கள் நேராக மூன்றாவதில் குதிக்கப் பார்க்கிறார்கள். இந்த முறையின் அருமை முதலாவதில் இருக்கிறது.

வகுப்பு பெரும்பாலும் 2 மணி நேரம் ஓடும். பாட்டைப் போடுவதும் ஆசிரியர்தான். நடுவே மைக்கில் ஓரிரு வார்த்தை சொல்வார். அவரவர் போக்கில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பிறகு ஓர் அலை, சில நாள் இரண்டு. கடைசியில் வட்டமாக உட்கார்ந்து முடிப்பார்கள்.

ஃப்ளோயிங்கில் கவனமெல்லாம் பாதத்தில். எடை குதிகாலிலிருந்து உள்ளங்காலின் வெளி ஓரமாக உருண்டு விரல்களுக்கு வந்து, அடுத்த காலுக்கு மாற வேண்டும். முழங்கால் தளர்ந்திருக்கட்டும், மூச்சை நன்றாக உள்ளிழுக்கட்டும். ஆட்டுக்கல்லில் மாவு சுற்றுகிற மாதிரி, அசைவுக்கு மூலையோ நிறுத்தமோ இருக்கக் கூடாது. புதியவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்றுதான்: கால் ஆணி அடித்த மாதிரி நிற்க, கை மட்டும் காற்றில் அலையும். எடை மாறாதபோது இடுப்பும் விலாவும் இறுகியே இருக்கும், மூச்சு மார்போடு நின்றுவிடும். அந்த உடலோடு அடுத்த கட்டத்துக்குப் போனால் எல்லாமே நடிப்பாகிவிடும். கூடம் தயாராகிவிட்டதா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். தடதடவென்ற காலடி ஓய்ந்து, வெறும் பாதங்கள் மரத்தளத்தில் உரசும் சரசரப்பு மட்டும் கேட்கும். நல்ல ஆசிரியர் அந்த ஓசை வரும்வரை காத்திருக்கிறார். ஒரே பாட்டில் ஃப்ளோயிங்கை முடித்துவிட்டு ஓடும் வகுப்புக்குக் காசு கொடுப்பது வீண்.

ஸ்டக்காட்டோவில் மூச்சு வெளியேறும். இடுப்பு முன்னே வரும். முழங்கையும் முழங்காலும் கோடு கிழிக்கும். தாளம் அழுத்தமானது. பரதம் பயின்றவர்களுக்கு இது சொந்த வீடு போலத் தெரியும், சிக்கலும் அதுதான். கால் தானாக அரைமண்டிக்குப் போகும், முகம் சபையைத் தேடும். பார்வையைத் தரைக்கு இறக்கி, அசைவை இடுப்பிலிருந்து எடுத்தால் பழைய பாடம் பிடியை விடும். குதிகாலால் ஓங்கித் தட்டினால் கெண்டைக்காலின் முன்பக்க எலும்பு மறுநாள் வலிக்கும். டைல்ஸ் தரையில் இன்னும் மோசம். தாடை கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ஹா’ என்று வாய்விட்டு மூச்சை விட்டால் இளகிவிடும்.

கேயாஸ்தான் எல்லோரும் பயப்படுவதும் ஆசைப்படுவதும். தலையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும் கட்டம். இங்கே கழுத்தைச் சுளுக்கிக்கொள்கிறவர்கள் பலரும் தலையைக் கழுத்தாலேயே வீசியவர்கள். அசைவு பாதத்தில் கிளம்பி, இடுப்பு, முதுகெலும்பு வழியாக ஏறி, சாட்டையின் நுனி போலக் கடைசியாகத் தலைக்கு வர வேண்டும். முகவாயைத் தளர்த்தி, மூச்சை விட்டபடி, தலையின் கனத்தை முன்பக்கமாக விட்டால் போதும். பின்பக்கமாக எறியவே கூடாது. கண்ணை முழுக்க மூடினால் தலைசுற்றும், பக்கத்தில் இருப்பவரை இடிக்கவும் நேரும். பாதி திறந்து தரையைப் பாருங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம், உயர் ரத்த அழுத்தம், தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். சாமியாட்டத்தோடு இதை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. ஆனால் இங்கே அருளுக்கு அழைப்பு இல்லை, நினைவும் தப்புவதில்லை. கால் தரையை அறிந்திருப்பதால்தான் தலையால் விட்டுக்கொடுக்க முடிகிறது.

அதன் பிறகு லிரிக்கல் தானாக வரும். உடம்பு எடையே இல்லாத மாதிரி இருக்கும். வரவில்லையென்றால் சிரித்த முகத்தோடு துள்ளி அதை வரவழைக்க வேண்டாம். ஸ்டில்னெஸ் என்றதும் பலர் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். அது ஓய்வு நேரம் அல்ல. மூச்சு போகிற வேகத்தில் மெல்ல அசைந்து, நின்று, மறுபடி அசைவது.

பயம், கோபம், துக்கம், மகிழ்ச்சி, கருணை என்று இந்த ஐந்துக்கும் ராத் உணர்வுகளை வரிசையாகப் பொருத்தியிருக்கிறார். ஆகவே நடுவில் அழுகை வந்தால் திகைக்க வேண்டாம். குறை என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்: கிளம்பிய உணர்வை உட்கார்ந்து பேசித் தீர்க்க வாராந்திர வகுப்பில் நேரம் இருக்காது. பெரிய இழப்பையோ மனநோயையோ சுமந்து வருகிறவர்களுக்கு இது சிகிச்சையாகாது, மனநல மருத்துவரையும் பார்த்துவர வேண்டும். இன்னொன்று, ‘அருகில் இருப்பவரோடு ஆடுங்கள்’ என்ற அழைப்பு அடிக்கடி வரும். நம்மவர்களுக்கு, பெண்களுக்குக் குறிப்பாக, இது தயக்கம் தரும். கை கூப்பிவிட்டு நகர்ந்துகொள்ளலாம். மறுப்பதும் அந்தத் தளத்தின் மரியாதைக்கு உட்பட்டதே. அதை முதலிலேயே சொல்லாத ஆசிரியர் தன் வேலையை அரைகுறையாகச் செய்கிறார்.

‘ஃபைவ் ரிதம்ஸ்’ பதிவு பெற்ற வணிகப் பெயர். பயிற்சி முடித்து அங்கீகாரம் பெற்றவர்தான் அந்தப் பெயரில் நடத்தலாம், சேரும்முன் கேட்டுவிடுங்கள். எக்ஸ்டாட்டிக் டான்ஸ் (அவரவர் மனம்போல ஆடும் கூட்டு நடனம்) என்று விளம்பரம் வருவது வேறு. அங்கே இந்த ஐந்து கட்டப் பாடம் கிடையாது.

சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் போங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். கையில் சிறு துண்டு இருக்கட்டும்: கேயாஸ் முடிகிறபோது தளத்தில் வேர்வை சொட்டியிருக்கும், வெறும் காலில் வழுக்குவது அப்போதுதான்.