யுபிவிசி ஜன்னல் ‘சர்வீஸ்’: தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துவிட்டுப் பில் போடுகிறார்கள்

மழைக்கு முன்னால், யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் சட்ட ஜன்னல்களுக்கு ‘சர்வீஸ்’ என்று வாசலில் வந்து நிற்பவர்களை உள்ளே விடுமுன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஓர் அடுக்ககத்தில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே ஆள் பார்த்துவிட்டுப் போன வேலை இது.

பில்லில் ‘லீக்கேஜ் சீலிங்’ என்று ஒரு வரி. ஸ்லைடிங் ஜன்னலின் வெளிப்பக்கம், கீழ்ச்சட்டத்தில் நீளவாக்கில் இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்குமே, அத்தனையிலும் சிலிக்கான் பசையை அடைத்திருக்கிறார். ஐப்பசியின் முதல் கனமழையிலேயே, ஜன்னல் கதவு ஓடுகிற டிராக் நிரம்பி, தண்ணீர் உள்விளிம்பைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. திரும்பக் கூப்பிட்டால், ‘ஃபிரேம் வளைஞ்சிடுச்சு, ஜன்னலையே மாத்தணும்’ என்று ஒரு கொட்டேஷன்.

ஃபிரேம் வளையவில்லை. ஸ்லைடிங் ஷட்டருக்கும் (நகர்கிற கண்ணாடிக் கதவு) சட்டத்துக்கும் நடுவே இருப்பது பிரஷ் போன்ற ரோமப் பட்டைதான். காற்றோடு அடிக்கிற மழை அதைத் தாண்டி டிராக்குக்குள் வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் வெளியேறத்தான் அந்த ஓட்டைகள். சோதிப்பது சுலபம்: டிராக்கில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள், சில நொடிகளில் வெளிப்பக்கம் வழிய வேண்டும். கம்பியை விட்டுப் பார்த்து ‘அடைச்சிருக்கு’ என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். காற்று தண்ணீரை உள்ளே தள்ளாமலிருக்க, பல ஜன்னல்களில் உள் ஓட்டையும் வெளி ஓட்டையும் நேர்க்கோட்டில் இருக்காது. கம்பி முட்டத்தான் செய்யும்.

அடைத்த சிலிக்கானைக் கட்டர் நுனியால் கீறி, பிடித்து இழுத்தால் வந்துவிடும். டிரில் போட்டுத் திறக்க விடாதீர்கள். சட்டத்துக்குள் தனி அறையில் இரும்புக் குழல் இருக்கிறது. பிட் அந்த அறையைத் துளைத்தால் தண்ணீர் இரும்பில் இறங்கும், பிறகு ஓட்டை வழியாகப் பழுப்பு நீர் வழியும்.

சிலிக்கான் போட வேண்டிய இடம் வேறு: சட்டமும் சுவரும் சேருகிற வெளி இணைப்பு. அங்கேயும் ஏமாற்று உண்டு. பழைய சிலிக்கான் மேலேயே புதிதை இழுத்துவிட்டுப் போகிறார்கள். அது ஒட்டாது, உரிந்துவிடும். பழையதை முழுக்கச் சுரண்டி, தூசி துடைத்து, சுவர் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். வினிகர் வாடை அடித்தால் அது சிமெண்ட் பூச்சுக்கு ஆகாத வகை. டியூபில் ‘நியூட்ரல்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பில்லில் அடுத்த வரி, ‘ரோலர் சேஞ்ச்’, அதாவது ஷட்டரின் அடிச்சக்கரத்தை மாற்றுவது. ஷட்டர் இழுக்கக் கனமாக இருந்தால் பெரும்பாலும் காரணம் டிராக்கில் சேர்ந்த மணல், அல்லது ரோலர் உயரம் இறங்கியிருப்பது. முதலில் பெயின்ட் பிரஷால் மணலை எடுங்கள். பிறகு ஷட்டரின் பக்கவாட்டில், அடியில் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால் ஸ்க்ரூ தெரியும். சிலவற்றுக்கு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சிலவற்றுக்கு ஆலன் கீ. அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, ஷட்டர் ஓரமும் சட்டமும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் நிற்கும்படி வையுங்கள். அதற்குப் பிறகும் கரகரத்தால்தான் ரோலர் போயிருக்கிறது.

மாற்றினால் பழைய ரோலரைக் கையில் வாங்கிப் புதிதோடு ஒப்பிடுங்கள். பேரிங் உள்ளதைக் கழற்றிவிட்டு வெறும் பிளாஸ்டிக் சக்கரம் வைக்கிறார்கள். பால்கனி ஷட்டரில் 2 மீட்டர் உயரம், 90 செ.மீ. அகலமுள்ள 5 மி.மீ. கண்ணாடி மட்டுமே 22 கிலோவுக்கு மேல். சும்மா சக்கரம் எத்தனை நாள் தாங்கும்?

தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில், கிரீஸ் எதுவும் டிராக்கில் வேண்டாம், மணலைப் பிடித்துப் பசையாக்கிவிடும். மினரல் ஆயில் பட்டால் கண்ணாடி ஓரத்துக் கேஸ்கெட் ரப்பர் உப்பிவிடும். சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம் போதும். கறையைத் தின்னரால் துடைக்கவும் விடாதீர்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், மேல்பரப்பு கரைந்த இடத்தில் பிறகு அழுக்கு ஏறும். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரே போதுமானது.

பணம் கொடுக்குமுன் ஒன்று. ஷட்டரை மூடி, இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். லேசாக அசைந்தால் சரி. அடிப்பக்கம் டிராக்கை விட்டு வெளியே வருகிற அளவுக்கு உயர்ந்தால், ஷட்டர் தூக்கிக் கழலாமல் தடுக்க மேலே இருந்த சின்ன பிளாஸ்டிக் கட்டையை அவர் திரும்ப மாட்டவில்லை என்று பொருள். மாடி வீட்டில் அந்தக் கட்டை இல்லாத ஷட்டர் கழன்று தெருவில் விழலாம். அதை மாட்டச் சொல்லிவிட்டு அப்புறம் பில்லைப் பாருங்கள்.